கண் சிவந்து வந்த அக்காவை ஜீப்பில் ஏற்றாமல் விட்டுவிட்டேன், செய்தது சரியா?

மெட்டு ஜீப்பு:

எல்லாருக்கும் வணக்கம். நான் கம்பம் பக்கம். காலையில் ஐந்தரைக்கு வண்டியை எடுத்து, மூன்று தெருவில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயந்தரம் திரும்பக் கூட்டிவருகிறேன். பதினான்கு பேர், எல்லாரும் பெண்கள். ஒரு ஜீப்பில் பதினான்கு பேரா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அது வேறு பஞ்சாயத்து. உள்ளே ஒருத்தர் தும்மினால் அந்தத் தும்மல் எங்கே போகும் என்று உங்களுக்கு விளங்க வேண்டுமே, அதற்காகச் சொன்னேன்.

போன திங்கட்கிழமை ஒரு அக்கா வந்தார். ஐந்தாறு வருடமாக என் வண்டிதான், ஒருநாள்கூட என்னைக் காக்கவைத்தது கிடையாது. அன்றைக்கு இரண்டு கண்ணும் கோவைப்பழம். இமையெல்லாம் பீளை. முந்தானையால் துடைக்கிறார், துடைத்த கையாலேயே மேல்கம்பியைப் பிடித்து ஏறப் போகிறார். மெட்டு வளைவில் வண்டி திரும்பும்போது அந்தக் கம்பியைத்தான் அத்தனை பேரும் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். உள்ளே இருந்த ஒரு மதினிக்கு மகள் கல்யாணம், இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. "அவ ஏறுனா நான் எறங்கிக்கிறேன்" என்று தூக்குவாளியைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் என்ன செய்ய? "அக்கா, ரெண்டு மூணு நாள் வீட்ல இருந்துட்டு வாங்க" என்றேன். அவர் சண்டை போடவில்லை. "சம்பளம் நீ குடுப்பியா தம்பி?" என்று மட்டும் கேட்டார், பதிலுக்கு நிற்கவும் இல்லை, நடந்துவிட்டார். அன்றைக்கு மெட்டு ஏறும்வரை வண்டியில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, பாட்டுப் போடச் சொல்லிக் கேட்கவும் இல்லை. மறுநாள் டீக்கடையில் அவர் கொழுந்தன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. போன ஐப்பசியில் எனக்கே நாலு நாள் காய்ச்சல், இருமல். மாத்திரையைப் போட்டுக்கொண்டு இதே வண்டியை ஓட்டினேன், மழைக்காகப் படுதாவையும் இறக்கி விட்டிருந்தது. யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் இறங்கினால் அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போச்சு.

இதுதான் கேள்வி. சளி, கண்வலி, காய்ச்சல் மாதிரி சின்ன நோய்க்கெல்லாம் ஆள் வீட்டில் இருக்கத்தான் வேண்டுமா, இருந்தால் எத்தனை நாள்? அப்புறம், ஒரு டிரைவருக்கு அதைச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

ஏலக்காட்டு மகள்:

அண்ணா, உங்களைத் திட்ட வரவில்லை, ஆனால் படித்ததும் எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. இருபது வருடம் காய் எடுத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். ஏலக்காய் எடுப்பது பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரோடு தரையில் கிடக்கிற சரத்தில் இருக்கும், நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோ முற்றிய காயாகப் பார்த்து எடுக்க வேண்டும், கீழே ஈரம், காலில் அட்டை, மேலே பிளாஸ்டிக் சாக்கு. காய்ச்சலோடு அதைச் செய்ய யாருக்கு ஆசை? அம்மா ஒரு தடவை எடுப்பு நடக்கிற நேரத்தில் ஒரு வாரம் படுத்துவிட்டார். திரும்பிப் போனபோது அவர் இடத்தில் கங்காணி வேறு ஆளைப் போட்டிருந்தார். அதற்கப்புறம் எந்தக் காய்ச்சலையும் அம்மா வெளியே சொன்னதே இல்லை.

நான் இப்போது கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. லேசாகத் தொண்டை கரகரத்தால் "இன்று வீட்டிலிருந்து வேலை" என்று ஒரு வரி தட்டிவிட்டு ரசம் வைத்துக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், சம்பளத்தில் ஒரு பைசா குறையாது, "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று மேனேஜர் பூப் படம் வேறு அனுப்புவார். நோய் வந்தால் வீட்டில் இரு என்பது எங்களை மாதிரி ஆட்களுக்கு ரொம்பச் சுலபமான நல்லொழுக்கம். அந்த அக்கா கேட்டாரே, சம்பளம் நீ கொடுப்பியா என்று, அதற்கு யாராவது பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசலாம்.

சுகாதார நிலையச் சிஸ்டர்:

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், மலையடிவாரம்தான். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண். மெட்ராஸ் ஐ என்ற பெயர் 1918-இல் சென்னையில் பரவியதை வைத்து வந்தது, மலைக்கு மேலே செங்கண்ணு என்பார்கள். பெரும்பாலும் அடினோ வகை வைரஸ். பார்த்தால் ஒட்டாது, சத்தியமாக ஒட்டாது, கறுப்புக் கண்ணாடி போடுவது வெளிச்சத்துக்குக் கண் கூசாமல் இருக்கவும், கை கண்ணுக்குப் போகாமல் இருக்கவும்தான். ஒட்டுவது கையால். கண்ணைத் துடைத்த கை, அந்தக் கை தொட்ட கம்பி, துண்டு, தலையணை, செல்போன். ஜீப்புக்காரத் தம்பி அந்தக் கம்பியைக் கவனித்தாரே, அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். இந்த வைரஸ் ஒரு பொருளின் மேல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், கொரோனாவுக்கு வாங்கிவைத்த சானிடைசருக்கும் சரியாகச் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான்.

எத்தனை நாள் என்றால், கண்ணில் நீரும் பீளையும் வடிகிறவரை ஒட்டும். சில பேருக்கு ஒரு வாரம், சில பேருக்கு இரண்டு. அத்தனை நாளும் வீட்டில் இருக்க யாராலும் முடியாது என்று எனக்குத் தெரியும். வடிகிறது அதிகமாக இருக்கிற முதல் நாலைந்து நாளாவது இருந்தால் நல்லது. மெடிக்கலில் போய் "கண்ணுக்கு ஒரு டிராப்ஸ்" என்று கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது, அதில் ஸ்டீராய்டு கலந்தது கைக்கு வந்துவிட்டால் கண் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. 2022 நவம்பரில் ஊரெல்லாம் கண் சிவந்து திரிந்தபோது அப்படிப் பழைய பாட்டிலை வீடு வீடாகக் கைமாற்றிப் போட்டுக்கொண்டு வந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

அப்புறம் தம்பி, ஐப்பசியில் நீங்கள் ஓட்டியது இருக்கிறதே, அது இந்தக் கண்ணைவிட மோசம். ஃப்ளூ காய்ச்சல் வருவதற்கு ஒருநாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், வந்தபிறகு முதல் மூன்று நாலு நாள்தான் உச்சம். படுதாவை இறக்கிய வண்டிக்குள் நீங்கள் இருமியது பதினான்கு மூக்கிலும் போயிருக்கும். மாத்திரை போட்டால் சூடுதான் குறையும், வைரஸ் குறையாது. நாங்கள் சொல்வது இதுதான்: மாத்திரை போடாமலேயே ஒருநாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வேலைக்குப் போகலாம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் லேசாக இருமிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வாரத்தைத் தாண்டினால் எங்களிடம் வந்து சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காசு இல்லை.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்போக்கு, வாந்தி. சளி பிடித்தவரைப் பார்த்து ஒதுங்குகிறவர்கள் வயிறு கலங்கியவர் ஊற்றிக்கொடுக்கிற டீயை வாங்கிக் குடிப்பார்கள். சமைக்கிறவர், பரிமாறுகிறவர் என்றால் கடைசியாகப் போனதிலிருந்து இரண்டு நாள் அடுப்புப் பக்கமே வரக்கூடாது. வெறும் மூக்கு ஒழுகல், தும்மல், காய்ச்சல் இல்லை என்றால் ஒரு துணியை மூக்கில் கட்டிக்கொண்டு போங்கள். அதற்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்தால் மார்கழி முழுக்க நாடே பூட்டிக் கிடக்கும்.

பழைய கட்டை:

வேப்பிலை செருகின வாசலை இந்தக் காலத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. அம்மை போட்ட வீட்டு நிலையில் ஒரு கொத்து செருகிவிட்டால் போதும், பால்காரன்கூட வெளியே வைத்துவிட்டுப் போவான், வெளியூர்க்காரன் உள்ளே வரமாட்டான், மூன்று தண்ணீர் ஊற்றுகிறவரை அந்த வீட்டு ஆள் களத்துக்கும் வரமாட்டான். போலீசும் கிடையாது, ஆர்டரும் கிடையாது. ஒருத்தரும் அவனை "ஏன் வேலைக்கு வரவில்லை" என்று கேட்டதில்லை, கேட்டால் ஆத்தா கோபிப்பாள்.

முக்கியமாக ஒன்று. அந்த வீட்டுக்கு இளநீர் போகும், நுங்கு போகும், கம்பங்கூழ் போகும். பக்கத்து வீட்டு அப்பத்தா திண்ணையில் வைத்துவிட்டுக் குரல் மட்டும் கொடுப்பாள். ஆளை ஒதுக்கினோம், சோற்றை ஒதுக்கவில்லை. இப்போது இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சுகாதார நிலையச் சிஸ்டர்:

ஐயா சொன்னது அழகாக இருக்கிறது, ஒரு சின்னத் திருத்தம். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே ஒட்ட ஆரம்பித்துவிடும், ஆக வேப்பிலை கொஞ்சம் பிந்தித்தான் வாசலுக்கு வருகிறது. ஆனால் எடுக்கிற நாள் சரி. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டுகிறவரை வெளியே போகக்கூடாது என்றுதான் நாங்களும் சொல்கிறோம், தண்ணீர் ஊற்றுகிற கணக்கும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும்.

எல்லை வாத்தியார்:

பள்ளிக்கூடத்தில் இந்தச் சண்டை தினமும் நடக்கிறது. காலை எட்டு மணிக்குப் பிள்ளைக்கு ஒரு மூடி பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்து, திருநீறு பூசி அனுப்பிவிடுகிறார்கள். பதினொன்றரை வரைக்கும் பிள்ளை நன்றாக இருக்கும். அப்புறம் பார்த்தால் தலையைப் பெஞ்சில் சாய்த்திருக்கும், காது மடல் சிவந்திருக்கும், கையைத் தொட்டால் சுடும். அம்மாவுக்குப் போன் போட்டால் எடுக்கமாட்டார், அவர் மலையில் காய் எடுத்துக்கொண்டிருப்பார், அங்கே சிக்னல் இருக்காது. பிள்ளையை நான் ஆபீஸ் ரூமில் பாய் விரித்துப் படுக்கவைப்பேன். பிள்ளை வீட்டில் இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, ஒரு காய்ச்சலுக்கு இரண்டு பேர் லீவு போட வேண்டியிருக்கிறது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2022-இல் நான் செங்கோட்டைப் பக்கம் இருந்தேன். மே மாதம் கொல்லம் மாவட்டத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று கிளம்பியது, ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு. புளியரை தாண்டினால் ஆரியங்காவு, அங்கேயும் வந்துவிட்டது என்றார்கள். எங்கள் சந்தையில் தக்காளி வாங்கவே ஒரு வாரம் யோசித்தார்கள், சிரிக்காதீர்கள், நிஜம். கொப்புளம் தக்காளி மாதிரி சிவப்பாக இருந்ததால் வந்த பெயர் அது. கோயம்புத்தூர்ப் பக்கம் வாளையாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் குழந்தைகளின் உடம்பைப் பார்த்து அனுப்பினார்கள். கடைசியில் சோதித்துப் பார்த்தால் வழக்கமான கை-கால்-வாய் நோய்தான், காக்சாக்கி என்கிற வைரஸ். அந்த வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அத்தனை வாரம் பிள்ளையை நிறுத்த முடியுமா? காய்ச்சல் நின்று, கொப்புளம் காய்ந்தால் வரச் சொன்னோம், கை கழுவ வைத்தோம், அவ்வளவுதான்.

பொன்னுக்கு வீங்கிக்கு மட்டும் நான் கறார். கன்னம் வீங்கினதிலிருந்து ஐந்து நாள் பள்ளிக்கூடம் பக்கம் வரக்கூடாது. மலையாளத்துப் பக்கம் முண்டிநீரு என்பார்கள், 2024-இல் அங்கே ரொம்பப் பரவியது. அரசு போடுகிற தடுப்பூசியில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான் மருந்து இருக்கிறது, இதற்கு இல்லை, தனியாரில் காசு கொடுத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் உண்டு. இது பல பெற்றோருக்குத் தெரியவே தெரியாது, "எல்லா ஊசியும் போட்டாச்சே சார்" என்பார்கள்.

ஜீப்புத் தம்பி கேட்டதற்கு: உரிமை இருக்கிறதா என்றால், உங்கள் வண்டி, சொல்லலாம். ஆனால் கல்யாண வீட்டு மதினி சத்தம் போட்டதால் சொன்னீர்களா, கம்பியைப் பார்த்துச் சொன்னீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அந்த அக்காவுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும்.

மில் செட்:

தேனி பக்கம் நூல் மில்லில் பதினோரு வருடம். எங்களுக்கு ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு உண்டு, நோயில் படுத்தால் எழுபது சதவீதக் கூலி, வருடத்துக்குத் தொண்ணூற்றொரு நாள் வரை. கேட்கப் பெரிசாக இருக்கும். ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது, மூன்றாம் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் ஒரு நாளுக்குத்தான் காசு, அதற்கும் டிஸ்பென்சரியில் வரிசையில் நின்று சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். காய்ச்சலோடு வரிசையில் நிற்பதற்குக் காய்ச்சலோடு ஷிப்ட்டே பார்த்துவிடலாம் என்று தோன்றும். காலை ஒடித்துக்கொண்டவனுக்கு அந்த ஏற்பாடு தெய்வம், சளி பிடித்தவனுக்கு ஒன்றும் இல்லை. தினக்கூலி ஜீப்பு ஆட்களுக்கு அதுவும் கிடையாது.

ஒரு யோசனை. எங்கள் செட்டில் பன்னிரண்டு பேர், மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் ஒரு டப்பாவில். யாராவது ஒட்டுகிற நோயில் படுத்தால் நாளுக்கு இருநூறு. முழுக் கூலி ஆகாது, அரிசிக்கு ஆகும். இரண்டு வருடமாக ஓடுகிறது. ஒருத்தன் ஏமாற்றினான், பிடித்துவிட்டோம், அது தனிக் கதை.

மெட்டு ஜீப்பு:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன், இரண்டு நாள் பதில் போடாததற்கு மன்னிக்கவும், அதற்கும் காரணம் இருக்கிறது.

வாத்தியார் சார் கேட்டது சுருக்கென்று இருந்தது. கம்பியைப் பார்த்தேன், உண்மை. ஆனால் மதினி வாளியைத் தூக்கியிருக்காவிட்டால் சொல்லியிருக்கமாட்டேன். அதுவும் உண்மை.

புதன்கிழமை சாயந்தரம் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன், ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. வீட்டில் ஆள் இல்லை. மருமகள்தான் சொன்னது, செவ்வாய்க்கிழமையே பேரனுடைய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த தெரு ஜீப்பில் ஏறிவிட்டாராம், நெடுங்கண்டம் பக்கம் வேறு தோட்டம். அந்த வண்டியில் பதினாறு பேர். நான் என் வண்டியைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவர் ஒருநாள் கூலியை மட்டும் இழந்து, கண்வலியைப் பக்கத்து வண்டிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மில் அண்ணன் சொன்ன டப்பா விஷயத்தை வண்டியில் பேசினேன். ஒன்பது பேர் சரி என்றார்கள், மூன்று பேர் யோசிக்கிறார்கள், ஒரு சின்னம்மா "நான் நோயே வராதவ, நான் எதுக்குக் குடுக்கணும்" என்கிறார். நானும் நூறு ரூபாய் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், ஐப்பசிக்காக. தோட்டத்துக்காரரிடமும் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார், அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். சிஸ்டர் சொன்னபடி ஏறுகிற இடத்தில் ஒரு கேன் தண்ணீரும் சோப்பும் வைத்திருக்கிறேன், கம்பியைத் தினமும் சோப்புத் துணியால் துடைக்கிறேன். முதல் நாளே சோப்பு காணாமல் போய்விட்டது. இப்போது கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

சிஸ்டரிடம் இன்னொன்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த மதினி மகள் கல்யாணம். கண்வலி அக்காவுக்கும் பத்திரிகை வைத்திருக்கிறார்கள், சண்டைக்கு முன்னாலேயே வைத்தது. போகலாமா என்று மருமகளை விட்டு என்னிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார். சிவப்பு குறைந்துவிட்டது, கண்ணில் லேசாக நீர் மட்டும் வருகிறதாம்.

சுகாதார நிலையச் சிஸ்டர்:

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்திருக்கும்போது இமை ஒட்டாமல் இருந்து, நீரும் நின்றிருந்தால் தாராளமாகப் போகச் சொல்லுங்கள். வியாழக்கிழமை சாயந்தரம் இங்கே வந்தால் நானே டாக்டரிடம் காட்டிவிடுகிறேன், ஆறு மணி வரை இருப்பேன். நீர் வந்துகொண்டே இருந்தால் மொய்யை உங்களிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். போனாலும் பந்தியில் பரிமாற வேண்டாம், குழந்தைகளைத் தூக்க வேண்டாம், கைக்குட்டை தனியாக.